சிவப்பு வெளிச்சம் வந்த ஒயர்

தூத்துக்குடியில் மாடி அறை ஒன்றில், வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்வது எப்படி என்று செண்பகவல்லி சொல்லிக்கொடுத்து வந்தார். வயது முப்பதுக்குள். அவரிடம் படித்தவர்களில் மூத்தவர் சந்தியாகு. ஐம்பத்தெட்டு வயது, மீன் ஏலம் விடுகிறவர். துறைமுகத்தில் அவர் விலை கூவினால் காக்காய்கள் எழும்பிப் பறக்கும்.

அவர் பாடம் கேட்க வந்ததற்குக் காரணம் உண்டு. மகளுக்கு மஸ்கட்டில் பிரசவம் ஆகியிருந்தது. பிள்ளை உறங்குவதே இல்லை. "அம்மா எனக்குப் பாடுவாங்களே, அந்தத் தாலாட்டை அனுப்புங்க அப்பா" என்று கேட்டிருந்தாள். போனில் பாடினால் பாதிப் பாட்டு கடலில் விழுந்துவிடுகிறது. அதனால் மைக்கும் ஒலிப்பதிவுப் பெட்டியும் வாங்கினார்.

ஒரு வாரம் ஆயிற்று. பாட்டு வரவில்லை.

"டீச்சர், பெட்டியில கோளாறு" என்று வந்து நின்றார் சந்தியாகு. "மைக்கை அனலாக் ஓட்டையில சொருகியிருக்கேன். குரல் செத்துப்போய் வருது. டிஜிட்டல் ஓட்டைதான் சுத்தமா எடுக்கும்னு கடைக்காரன் சொன்னான். அவன்கூட மல்லுக்கட்டி விலையைக் குறைச்சு, அதுக்குன்னு வெளிச்சத்துலயே சத்தம் போற இந்த ஒயரையும் வாங்கிட்டேன். எது நல்லது, டிஜிட்டலா, அனலாகா?"

"பதிஞ்சதைப் போடுங்க, அண்ணாச்சி."

போட்டார். முதலில் அவர் குரலே. 'ம், பாடு. சத்தமா பாடுளா. ஏய், நிறுத்து நிறுத்து, ஃபேன் ஓடுது. மறுபடி பாடு. என்ன இழவு, மெஷின் ஓடிக்கிட்டிருக்கு, வாயைத் திற!' அதற்குப் பிறகு, பள்ளிக்கூடத்தில் எழுப்பி நிறுத்தப்பட்ட பிள்ளையைப் போல அவர் மனைவியின் குரல் பாடியது.

"முன்னால இருக்கிறதை வெட்டிரலாம்" என்றார் சந்தியாகு அவசரமாக. "பாட்டை மட்டும் கேளுங்க."

செண்பகவல்லி வெட்டச் சொல்லவில்லை. புது ஒயரின் ஒரு முனையைத் தன் பெட்டியில் சொருகினார். மறுமுனையில் குண்டுமணி போலச் சிவப்பு வெளிச்சம் வந்தது.

"இதே மாதிரி வீட்டுப் பெட்டியில சொருகுங்க. வெளிச்சம் வர்ற முனையை மதினிகிட்ட சொருகிட்டு வாங்க."

"கேலி பண்றீங்களா?"

"படிக்க வந்தீங்களா, ஏலம் விட வந்தீங்களா?"

சந்தியாகு படபடவென்று படி இறங்கினார். தெருமுனை வரை திட்டிக்கொண்டே போனார். ஆனால் ஒயரை விடவில்லை.

வீட்டில் மனைவி பிலோமினா மைக்கின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். தினம் உட்காருவதுதான், கை இரண்டும் மடியில், கண் தரையில். பழக்கதோஷத்தில் பதிவைத் தொடங்கிவிட்டு, ஒயரையும் பெட்டியில் சொருகி, வெளிச்ச முனையைப் பிடித்தபடி எதிரே நின்றார் சந்தியாகு. நெடுநேரம் நின்றார்.

அவள் நிமிர்ந்தாள். "என்னங்க அது?"

"உன்கிட்ட சொருகணுமாம்."

"எங்க?"

"அதான் தெரியல."

பிலோமினா சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். "காதுலயா, மூக்குலயா?" என்றாள். அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டாள்.

அவருக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஆனால் கையில் ஒயரோடு எப்படிக் கத்துவது? அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"துறைமுகத்தையே அதட்டுற மனுசன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் பிலோமினா. "பேத்திக்காக என்ன பாடு படுறீங்க!"

பிறகு யாரும் கேட்காமலே பாட ஆரம்பித்தாள். முதல் வரியில் சிரிப்பு மிச்சமிருந்தது. இரண்டாவது வரியில் மகள் பிறந்த வருஷத்துக் குரல் வந்துவிட்டது.

நடுப்பாட்டில் குக்கர் விசில் அடித்தது. சந்தியாகுவின் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டார். இன்னொரு விசில். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோறு குழைந்தது. பாட்டு முடிந்தது.

மறுநாள் மாடி ஏறி வந்து அதைப் போட்டுக் காட்டினார். செண்பகவல்லி கண்ணை மூடிக் கேட்டார்.

"மகளுக்கு அனுப்பியாச்சா?"

"அனுப்பியாச்சு. பிள்ளை முழிச்சுக்கிட்டுதான் கிடக்காம். மக உறங்கிட்டாளாம். மருமகன் சொன்னார்." ஒயரைத் தூக்கி மேசையில் போட்டார். "இது மெஷினுக்கும் மெஷினுக்கும் நடுவுல சொருகுறது. மனுசத் தொண்டைக்கு மைக்தான். அதுவரைக்கும் எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"பிறகென்ன?"

"அதே மைக்கு, டீச்சர். அதே அனலாக் ஓட்டை. அதே பொம்பள. ஒரு வாரமா வராத குரல் நேத்து எப்படி வந்துச்சு?"

செண்பகவல்லி பதிவை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். சிரிப்பு, பாட்டு, விசில், பாட்டு. கடைசி வரை கேட்டார்.

"முந்தின பதிவுல ஒருத்தர் ஏலம் விட்டுக்கிட்டிருந்தாரே, அவரை இதுல காணோம்" என்றார். "அவரை எந்த ஓட்டையில சொருகினீங்க, அண்ணாச்சி?"