அண்ணன் முழம், தம்பி முழம்

கேட்டுக்கோங்க. ராஜாக்கள் மீசைக்கும் வரி போட்டுக்கிட்டிருந்த காலம். கடலோரத்துல ஒரு உப்பு வியாபாரிக் குடும்பம். அண்ணன் தம்பி மூணு பேரு: அங்கப்பன், பெரியணன், வெள்ளையன். மூணு பேருக்கும் ஒரே உலை, ஒரே வண்டி, ஒரே மாடு. ஆனா ஒருத்தன் சொல்லி இன்னொருத்தன் கேட்டதா யாரும் பார்த்ததில்லை.

மூத்தவன் பொண்டாட்டி சிலம்பாயி. அந்த வீட்டுல அடுப்பும் அவளுது, தலைவலியும் அவளுது.

அந்த வருஷம் மழை முந்திக்கிச்சு. வாரின உப்பெல்லாம் முற்றத்துல மலையா கிடக்கு. கரைஞ்சா அடுத்த வருஷம் வரைக்கும் கஞ்சி கிடையாது. உப்பை மூட ஒரு கூடாரம் வேணும், தைக்கிறவரைக் கூப்பிடலாமேன்னா சிலம்பாயி. மூணு ஆம்பளை இருக்கிற வீட்டுக்கு வெளியாள் எதுக்குன்னு மூணு பேரும் சேர்ந்து சொன்னாங்க. அவங்க ஒத்துப்போனது அந்த ஒண்ணுலதான்.

கப்பல் பாய்க்குப் போடுற கித்தான் துணி வந்துச்சு. ஆளுக்கொரு துண்டு, துண்டுக்குப் பத்து முழம். அவனவன் கையால அவனவன் அளந்து வெட்டினான். அங்கப்பன் பனைமரம். பெரியணன் குட்டை. வெள்ளையனோ முழத்துக்கு முழம் ஒரு விரல் தாராளம்.

சிலம்பாயி கோணி ஊசியால தைச்சு, கழி நட்டு, கயிறு இழுத்துக் கட்டினா. கூடாரம் கொட்டாவி விடுற எருமை மாதிரி வாயைப் பிளந்துச்சு. ஒரு குடம் தண்ணி ஊத்திப் பார்த்தா. அவ்வளவும் உப்பு மேல.

பிரிச்சு, மறுபடி அளந்தாங்க. மறுபடி அவனவன் கை. இப்போ ரெண்டு வாய்.

ஒரே குச்சியை வெட்டி அதால எல்லாத்தையும் அளங்கன்னா சிலம்பாயி. குச்சி யாரு கை அளவுக்குன்னு ஆரம்பிச்சுது சண்டை. மூத்தவன் கைதான் குடும்பத்துக்கு அளவுன்னான் அங்கப்பன். நடுவுல பிறந்தவன் கைதான் நடுநிலைன்னான் பெரியணன்.

வெள்ளையன் நிதானமா சொன்னான்: "நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போயிருவீங்க, அண்ணே. கடைசிவரைக்கும் இருக்கப்போறது என் கைதான்."

இந்தப் பேச்சு நடக்கையிலேயே தூறல் விழுந்துச்சு. குவியல் ஓரம் கரைஞ்சு, வெள்ளையா வாசலைத் தாண்டி ஓடுச்சு. சிலம்பாயி தன் கையையே அளவா நீட்டலாமான்னு யோசிச்சா. நீட்டினா வேணாம்னு சொல்ல மூணு பேரும் மறுபடி ஒண்ணு சேர்ந்திருவாங்கன்னு விட்டுட்டா.

கொட்டில்ல மாடு அசை போட்டுக்கிட்டு நின்னுச்சு. அதோட வால் நீளத்துக்கு ஒரு குச்சியை வெட்டிக் கொண்டுவந்து போட்டா சிலம்பாயி.

"இது மாட்டு வால் அளவு. யாரு கையும் இல்லை."

மூணு பேரும் யோசிச்சாங்க. தம்பிக்கு விட்டுக்கொடுத்தா மானம் போகும், அண்ணனுக்கு விட்டுக்கொடுத்தா மரியாதை போகும், மாட்டுக்கு விட்டுக்கொடுத்தா ஒண்ணும் போகாது. நனைஞ்சுக்கிட்டே வெட்டினாங்க. அவ தைச்சா. கூடாரம் சிக்குனு நின்னுச்சு. பாதி உப்பு கடலுக்கே திரும்பிப் போச்சு, பாதி பிழைச்சுது.

அந்த மிச்சத்தோட சந்தைக்குப் போய், அங்கேயும் அதே கூடாரத்தைக் கட்டினாங்க. கூடாரத்தைப் பார்த்து அசந்துபோன ஒருத்தர், இது யாரு அளவுப்பான்னு கேட்டார்.

மூணு பேரும் ஒரே மூச்சுல சொன்னாங்க: "என்னுது."

தெரிஞ்சுக்கோங்க மக்களே: என் கைதான் அளவுன்னு அடம் பிடிக்கிறவன், பாதியைத் தொலைச்சுட்டு மாட்டு வாலுக்குக் கட்டுப்படுவான்.