தலைவர் குழுவுக்குப் பதினெட்டாம் எண்

கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஒரு கோல்ஃப் கிளப். போட்டி என்றால் நாலு நாலு பேராக முதல் குழியில் தொடங்கிப் பதினெட்டுக் குழியையும் சுற்றி வருவார்கள். நாலு நாலு பேராகவே சாப்பிட வருவார்கள். புதுத் தலைவர் சம்பந்தத்துக்கு அது பிடிக்கவில்லை. சங்கு ஊதியதும் பதினெட்டுக் குழியிலும் ஒரே நேரத்தில் ஆட்டம் தொடங்கவேண்டும் என்றார்.

"கஷ்டமான குழி முதல்லயே வந்தவங்க பாடு?" என்று யாரோ முனகினார்.

"எங்கே தொடங்கினா என்னய்யா? சுத்தி வந்தா எல்லாம் ஒண்ணுதான்!"

அப்படியே சமையல்காரர் காளியண்ணன் பக்கம் திரும்பினார். "எழுபத்திரண்டு பேரும் ஒண்ணா வருவோம். தோசை சுடச்சுட இருக்கணும், ஒருத்தரும் காத்து நிக்கக் கூடாது. நின்னா நாளைக்கு நீ வேலைக்கு வராதே."

இருந்ததோ ஒரே தோசைக்கல். "ஆகட்டுங்க" என்றார் காளியண்ணன்.

மதியம் பசியோடு வந்தவர்கள் பார்த்தால், பதினெட்டு இடத்தில் எண் பலகை. ஆட்டம் தொடங்கிய குழியின் எண்ணில்தான் சாப்பாடும் தொடக்கம். தோசைக்கல் முன்னால் நாலே பேர்; ரசத்தில் நாலு பேர்; பாயசத்தில் நாலு பேர். ஒருவரும் காத்து நிற்கவில்லை.

பதினெட்டாம் குழியில் தொடங்கிய தலைவருக்கு முன்னால் குழாயும் சோப்பும் இருந்தன.

"என்னடா இது?"

"சாப்பிட்டு முடிச்சுக் கை கழுவற இடமுங்க. எங்கே தொடங்கினா என்னங்க, சுத்தி வந்தா எல்லாம் ஒண்ணுதானுங்களே!"