குளம்பில் ஏறிய கல்

அந்தக் காலத்தில் குதிரைகளுக்குப் பேச்சு இருந்தது. கொஞ்சநஞ்சப் பேச்சில்லை. வயிற்றுவார் இறுக்குகிறது, முதுகுத்துணி மடிந்திருக்கிறது, குடிக்க வைத்த தண்ணீர் சுடுகிறது என்று ஓயாமல் குறை சொல்லும். சொன்னதைச் சரிசெய்துவிட்டு ஏறினால் ஆயிற்று. குதிரை வைத்திருப்பவனுக்குக் காது இருந்தால் போதும், கண்ணுக்கு வேலையே இல்லை.

செம்மண் காட்டு ஓரத்தில் இருந்த கொற்றனிடம் செவலை என்றொரு பெண்குதிரை இருந்தாள். குறை சொல்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. கொற்றனுக்குக் காது புளித்துப்போனது. அவன் மனைவி பூமயிலுக்கோ அந்தப் பேச்சு பிடிக்கும். பிடரியை வாரிவிட்டுக்கொண்டே கேட்டிருப்பாள். வயிற்றுப் பிள்ளை உதைக்கும்போது செவலையின் மூக்கைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்துக் காட்டுவாள்.

ஒரு நாள் காலையில் பூமயிலுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்தது. மருத்துவச்சி வெள்ளாயி இருந்ததோ ஆற்றுக்கு அக்கரையில். கொற்றன் செவலை மேல் தாவி ஏறினான்.

பாதி வழியில் செவலை சொன்னாள்: "அண்ணே, முன்னங்காலுல கல்லு ஏறிடுச்சு. இறங்கி எடுத்து விடுங்க."

"இன்னைக்குமா ஒப்பாரி வைக்கிற? பேசாம ஓடு."

"குத்துதுண்ணே. ஒரு நொடி வேலைதான்."

கொற்றனுக்குப் பயத்தில் புத்தி பேதலித்திருந்தது. "பொறக்கப்போற என் பிள்ளை மேல ஆணை. இனிமே வலிக்குதுன்னு நீ வாயத் தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டான்.

செவலை வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பிள்ளை மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

வெள்ளாயியையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போதும் செவலை ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் கால் மடங்கி விழுந்தாள். கொற்றன் குளம்பைத் தூக்கிப் பார்த்தான். கல் சதைக்குள் புதைந்திருந்தது. வயதான வெள்ளாயி வெயிலில் நடந்து போய்ச் சேர்வதற்குள் காலம் கடந்துவிட்டது. பிள்ளையைத்தான் காப்பாற்ற முடிந்தது. பூமயில் போய்விட்டாள்.

மறுநாள் கொற்றன் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். "ஆணையத் திருப்பி எடுத்துக்கிறேன் தாயி. எங்க வலிக்குது, சொல்லு."

இட்ட ஆணையைத் திருப்பி எடுக்க யாரால் முடியும்? வீட்டுக்குள் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. செவலை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள், வாயைத் திறக்கவில்லை. புண் சீழ்பிடித்து ஏழாம் நாள் செத்தாள். அவளிடமிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளின் குதிரைகள் எல்லாவற்றையும் பார்த்தன. தாங்கள் பேசினால் எந்தப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று அவையும் பேச்சை விட்டுவிட்டன.

அன்றைக்குப் பிறகுதான் குதிரை எந்த வலியையும் சொல்லாமல் நிற்கிறது. ஏறுகிறவர்கள் நான்கு குளம்பையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு ஏறுகிறார்கள். பார்க்க மறந்த நாளிலும் அது கல்லோடு ஓடத்தான் செய்கிறது.