விரிசல் விட்ட வாள்

இரும்பும் பேசும் என்று ஜனங்கள் நம்பிய காலம் ஒன்று இருந்தது. சிரிக்காமல் கேளுங்கள். அந்தக் காலத்தில் ஒரு ராஜா. அவனிடம் பாட்டன், முப்பாட்டன் வாள்கள் ஓர் அறை நிறையக் கிடந்தன. அவற்றுக்கு மதிப்புச் சொல்கிறவன் கொற்றன்.

கொற்றன் வாளைக் காதருகே பிடிப்பான். நகத்தால் ஒரு தட்டு. நல்ல வாள் பாடும். கெட்ட வாள் இருமும். அவ்வளவுதான் வித்தை.

ஒருநாள் சபை நடுவே ராஜா மூன்று வாள்களை வைத்தான்.

கொற்றன் முதல் வாளைத் தட்டினான். "விறகு வெட்டலாம், மகாராஜா." ராஜாவின் முகம் சுருங்கியது.

இரண்டாவதைத் தட்டினான். "அதற்கும் ஆகாது." ராஜாவின் முகம் கறுத்தது.

மூன்றாவது, ராஜாவின் தாத்தா ஏந்திய வாள். பிடியெல்லாம் மாணிக்கம். தட்டினான். இருமியது. பிடியை ஒட்டி உள்ளே விரிசல். கொற்றன் ராஜாவின் முகத்தைப் பார்த்தான். நாக்கு புரண்டது.

"இதற்கு நிகரே இல்லை, மகாராஜா."

முகம் மலர்ந்தது. "அப்படியானால் அது சும்மா கிடக்கலாமா? நாளைக்குப் போர். உன் மகன் வெற்பன் என் பக்கத்தில் நிற்கிறவன். அவன் கட்டட்டும்!"

சபையில் பொய் சொன்னவன் தலை தங்காது என்பது கொற்றனுக்குத் தெரியும். இருந்தாலும் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

விடிந்ததும் கோட்டை வாசலுக்கு ஓடினான். மகனின் குதிரையைப் பிடித்துக்கொண்டான்.

"வேறு வாள் எடுத்துக்கொள்ளடா."

"நல்லா இருக்கே! ராஜா கையால் கொடுத்ததைக் கழற்றினால் கோழை என்பார்கள், அப்பா. ஏன், வாளில் ஏதாவது குறையா?"

பக்கத்திலேயே ராஜாவின் யானை. ராஜா குனிந்து பார்த்தான்.

"குறையெல்லாம் ஒன்றுமில்லை" என்றான் கொற்றன்.

"பிறகென்ன? நீங்கள் தட்டிப் பார்த்த வாள். எனக்கென்ன பயம்?" பிள்ளை சிரித்துக்கொண்டே போனான்.

போரில் ஜெயித்தார்கள். வெற்பனைப் பாயில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

முறிந்த வாளை ராஜா கொற்றன் முன்னால் போட்டான். "முதல் வீச்சிலேயே போச்சு. முறிந்த இடத்தைப் பார். பாதி வெள்ளை, பாதி துரு. அந்தத் துரு நேற்றுப் பிடித்ததா?"

"இல்லை, மகாராஜா. பழைய விரிசல்."

"உனக்குத் தெரியுமா?"

"தட்டின அன்றைக்கே தெரியும்."

ராஜாவின் கை இடுப்பு வாளுக்குப் போனது. பிறகு திரும்பி வந்தது.

"உன்னை வெட்டமாட்டேன். வீட்டுக்குப் போ. அவனைப் பெற்றவள் வாசலில் நிற்கிறாள். என்னிடம் சொன்னதை அவளிடம் சொல்."

போனான். சொன்னான். அதன்பின் அவன் சாகும்வரை அந்த வீட்டில் யாரும் அவனைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ கூப்பிடவில்லை.

ஒருவன் முகத்துக்கு அஞ்சிச் சொன்ன பொய்யை, அது இன்னொருவன் உயிரைக் குடிக்கும் என்று தெரிந்த பிறகும் திருத்தாதவன் கொலைகாரன்.