பால் ஊற்றி வளர்த்த செடி

வடக்கே பனிமலையில், நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும் உயரத்தில், தவமணி அம்மாவின் ஆசிரமம் இருந்தது. சில அறைகள், ஒரு அடுப்படி, பின்னால் ஒரு பாறைத் தோட்டம். அவ்வளவுதான்.

தோட்டம் என்றதும் பாத்தி, வாய்க்கால் என்று நினைத்துவிடக் கூடாது. எல்லாம் கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் விரல் உயரச் செடிகள். பனி உருகத் தொடங்கினால் போதும், மரமெல்லாம் கண் விழிக்கும் முன்பே அவை பூத்துவிடும்.

சுடலைமுத்து அங்கே சீடராக இருந்தார். சங்கரன்கோவில் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். அம்மாவைவிட வயதில் நன்றாக மூத்தவர். அதனால் குரு சீடரை ‘அண்ணாச்சி’ என்பார், சீடர் குருவை ‘அம்மா’ என்பார். அடுப்படியைப் பார்த்துக்கொள்ளும் குஞ்சிதத்துக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் சிரிப்பு வரும்.

அண்ணாச்சி ஞானம் தேடி வந்தவர் இல்லை. அவர் மனைவி பேச்சியம்மாள் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதில் பனிக்கு ஓரமாக, பாறை மேல், ஊதாப் பூக்கள்.

“இது நெசமாவே பூக்குமா? இல்ல, சும்மா வரைஞ்சு வச்சிருக்கானா?” என்று ஒரு நாள் கேட்டாள்.

“தெரியலியே, பேச்சி” என்றார் அவர். அந்த வாரமே அவள் போய்விட்டாள்.

சாம்பலை ஆற்றில் கரைத்தபோது ஒரு பிடியை மட்டும் சின்னச் செம்பில் எடுத்து, வாயைத் துணியால் கட்டிக்கொண்டார். அந்தப் பூ பூக்கிற இடத்தில், தன் கையால் வளர்த்த செடியின் காலடியில், அதைத் தூவ வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தார்.

வந்ததும் அந்த ஊதாப் பூச்செடி ஒன்றைக் கேட்டு வாங்கினார். கல்லை எல்லாம் பொறுக்கி எறிந்தார். கறுப்பு மண்ணும் மட்கிய சாணமும் கொண்டுவந்து கொட்டி நட்டார். காற்றுப் படாமல் சுற்றிலும் சாக்கு கட்டினார். தினமும் வெந்நீர் விளாவி ஊற்றினார். குஞ்சிதத்துக்குத் தெரியாமல் அரை டம்ளர் பாலும் ஊற்றினார்.

“டீக்குப் பால் பத்தலைன்னு நான் தலையைப் பிச்சுக்கிறேன்” என்றாள் குஞ்சிதம், கையும் டம்ளருமாக அவரைப் பிடித்தபோது. “செடிக்குக் காபி வேணுமான்னும் கேட்டுருங்க.”

“நீ சிரிம்மா. பேச்சியைப் படுக்கையில வச்சு எப்படிப் பார்த்தேன் தெரியுமா? ஒரு பொட்டுக் காத்துப் பட விடல. வாசல்ல கொஞ்சம் உக்கார வைங்கன்னு தினம் கேப்பா. சளி பிடிச்சிருமேன்னு ஜன்னலைக்கூட நான் திறந்ததில்ல.” பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருந்த அம்மாவும் அதைக் கேட்டார்.

செடி இலை இலையாய் விட்டது. கத்தரிக்காய்ச் செடி மாதிரி கொழுகொழுவென்று. சுற்றி யாரும் கவனிக்காத கல்லிடுக்குகளில் எல்லாம் மற்றச் செடிகள் பூத்துக் கொட்டின. இது மட்டும் பூக்கவில்லை. அடுத்த வருடமும் பூக்கவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை.

பனிக்காலம் நெருங்கிய ஒரு காலையில் அண்ணாச்சி குருவிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

“நான் என்ன குறை வச்சேன், அம்மா? என் செடி மட்டும் ஏன் பூக்கல?”

அம்மா எழுந்து தோட்டத்துக்குப் போனார். சாக்கை அவிழ்த்தார். குனிந்தார். செடியைக் கொத்தாகப் பிடித்து வேரோடு பிடுங்கினார்.

அண்ணாச்சிக்கு வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

அம்மா அதை ஓடைக்குக் கொண்டுபோய், ஐஸ் தண்ணீரில் முக்கி, வேரில் ஒரு துளி மண் இல்லாமல் அலசினார். கொழுத்த இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தார். கடைசியில் நடுக்குருத்தும் நாலு வேரும்தான் மிச்சம்.

“அய்யோ! என்ன செய்தீங்க!” என்று அப்போதுதான் அவருக்குக் குரல் வந்தது. “கொன்னுட்டீங்களே! பாவி, கொன்னுட்டீங்களே!”

அடுப்படி வாசலில் நின்ற குஞ்சிதத்தின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. அம்மாவை அப்படி ஒருவர் பேசி அவள் கேட்டதே இல்லை. அம்மா ஒரு செடியைப் பிடுங்கியும் பார்த்ததில்லை.

அம்மா பாறை வெடிப்பு ஒன்றில் அந்தக் குருத்தைப் படுக்கைவசமாகச் செருகினார். சுற்றிலும் உடைகல்லைத் திணித்தார். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணாச்சி அன்றைக்கே பையைக் கட்டினார். ஆனால் அன்று மாலையே பனி கொட்டி, பாதை மூடிவிட்டது. போக வழியில்லை. இருந்தார். குருவோடு பேசவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

மறுநாள் பாறை முழுக்க வெள்ளையாய் மூடிக் கிடந்ததைப் பார்த்ததும் அவரால் தாங்க முடியவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு ஓடினார்.

“அண்ணாச்சி, அள்ளாதீங்க” என்றார் பின்னால் வந்த அம்மா. “அது போர்வை.”

“பனியா போர்வை?”

“கொல்லுற காத்து அதுக்கு மேலாலதான் போகும்.”

“செத்ததுக்கு எதுக்குப் போர்வை?” என்றார் அவர். முறத்தைப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

பனிக்காலம் முடிந்தது. கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கிய ஒரு காலையில் குஞ்சிதம் தோட்டத்திலிருந்து கத்தினாள். பாம்பைக் கண்டவள் மாதிரி கத்தினாள்.

“அண்ணாச்சி! ஓடி வாங்க! அண்ணாச்சி!”

செருப்புக்கூடப் போடாமல் ஓடினார். வெடிப்பின் ஓரத்தில் பனி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை ஒட்டி, இலை என்று சொல்ல ஒன்றுமே இல்லாமல், குருத்தை மறைத்துக்கொண்டு கொத்தாக ஊதாப் பூக்கள். காலண்டரில் இருந்ததைவிட நிறம் கூடுதல்.

அவர் அப்படியே மண்டியிட்டார். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது.

“மன்னிச்சிருங்க, அம்மா. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். இது பிழைச்சிரும்னு உங்களுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு.”

“தெரியாது, அண்ணாச்சி.”

அவர் திரும்பிப் பார்த்தார்.

“தெரியாதா?”

“தெரியாது. செத்தும் போயிருக்கலாம்.”

அண்ணாச்சியின் முகம் வெளுத்தது. கன்னத்தில் கண்ணீர் அப்படியே நின்றது.

“செத்துப்போனாலும் போகும்னு நினைச்சுக்கிட்டா பிடுங்கினீங்க?”

“ஆமா. வெடிப்புல பிழைக்குமான்னு தெரியாது. உங்க சாக்குக்குள்ள சாகும்னு மட்டும் நல்லாத் தெரிஞ்சுது. வேருக்கு மேல தண்டு அழுக ஆரம்பிச்சிருச்சு, நீங்க பார்க்கல.”

அவர் குனிந்து, குருத்தின் அடியை விரலால் தொட்டுப் பார்த்தார். குஞ்சிதம் மெல்ல உள்ளே போய்ச் சாம்பல் செம்பை எடுத்துவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

அவர் துணி முடிச்சை அவிழ்த்தார். பூவின் காலடிக்குச் செம்பைக் கொண்டுபோகும்போது மலைச் சரிவிலிருந்து காற்று கிளம்பி வந்தது. சட்டென்று உள்ளங்கையால் செம்பின் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

“காத்து அடிக்குது, அம்மா” என்றார். “கொஞ்சம் அடங்கட்டும்.”

அம்மா அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“பேச்சியம்மா வாசல்ல உக்காரணும்னுதானே கேட்டாங்க, அண்ணாச்சி? கையை எடுங்க.”