உரியவர்னா எதுக்கு உரியவர்?

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி, கிளிகள் ஓலை வாசித்த காலத்தில், மாகரன் என்று ஒரு சோம்பேறி மந்திரவாதி இருந்தான். திருட்டுப் புகார் ஓலைகளில் அவன் பொறித்த தலைப்பு ஒன்றே ஒன்று: 'உரியவர்'. அதற்கு நேரே எழுதிய பெயரை அரண்மனைச் செப்புக்கிளி வாசித்தால், அந்த ஆள் கல்.

நாச்சியின் ஆடு திருடுபோனது. ஆடு யாருடையது? நாச்சியுடையது. அதனால் 'உரியவர்: நாச்சி' என்று எழுதினாள். கிளி வாசித்தது. எழுத்தாணியைப் பிடித்தபடியே நாச்சி கல்லானாள்.

மகள் கொடியாள் ஓடி வந்தாள். காவலனைக் கேட்டாள்: "உரியவர்னா எதுக்கு உரியவர்?"

"தெரியாது புள்ள, நகரு."

மந்திரியைக் கேட்டாள்: "உரியவர்னா எதுக்கு உரியவர்?"

"படிச்சவங்களுக்குப் புரியும்."

மந்திரவாதியைக் கேட்டாள்: "உரியவர்னா எதுக்கு உரியவர்?"

"தண்டனைக்கு. வேறென்ன?"

"அதையும் எழுதறதுக்கு என்ன?"

"கை வலிக்குதும்மா."

மண்டபம் நிறையக் கல்மனிதர்கள். குடம் பறிகொடுத்தவர், மாடு பறிகொடுத்தவர். ஒருத்தரும் திருடர் இல்லை.

"கிளியே, இவங்க திருடங்க இல்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா நான் கிளி. இருக்கறதைத்தான் வாசிப்பேன்."

கொடியாள் அம்மாவின் கல்விரலிலிருந்து எழுத்தாணியை உருவினாள். அம்மாவின் ஓலையில் தலைப்புக்கு முன்னால் ஒரு சொல் கீறினாள். கிளி வாசித்தது: "ஆட்டுக்கு உரியவர், நாச்சி."

கல் வெடித்தது. அம்மா இருமினாள். "ஆடு கெடச்சுதாடி?"

அடுத்த வரியில் 'தண்டனைக்கு உரியவர்' என்று கீறினாள் கொடியாள். பெயர் எழுதப் போகும்போது, சிம்மாசனத்திலிருந்து இறங்கி வந்த ராஜா அவள் கையைப் பிடித்தார். அவர் மச்சான் வீட்டில் ஆட்டுக்கறி வெந்தது ஊருக்கே தெரியும்.

"அது காலியாவே இருக்கட்டும். வேற கேள்."

"மத்தவங்க எழுந்திருக்கணும்."

என்ன பறிபோனது என்று சொல்ல யாருக்கெல்லாம் ஆள் வந்ததோ, அவர்கள் ஓலையில் கொடியாள் அந்தச் சொல்லைச் சேர்த்தாள்; அவர்கள் எழுந்தார்கள். யாரும் வராதவர்கள் அப்படியே நின்றார்கள்.

கடைசியில் ராஜா அவளுக்கு ரெண்டு ஆடு கொடுத்தார், ஒரு ஓலையோடு. 'உரியவர்: கொடியாள்.'

கிளி வாயைத் திறந்தது. கொடியாள் அலகை அமுக்கிப் பிடித்தாள்.

"எதுக்குன்னு முதல்ல எழுதுங்க ராஜா."

ராஜா முகம் சிவந்துபோய் 'பரிசுக்கு' என்று சேர்த்தார்.

தாயும் மகளும் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். நாச்சி ஓலையில் 'தண்டனைக்கு உரியவர்' என்பதற்கு நேரே மட்டும் இன்னும் காலி.