கலங்கிய சிரிஞ்ச்

பிரசவ வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் மரப்பு மருந்து கொஞ்சம் புளிப்பானது. அதில் அளவாகச் சோடா மருந்து (சோடியம் பைகார்பனேட்) சேர்த்தால் புளிப்பு குறைந்து சீக்கிரம் வேலை செய்யும். நேற்று லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தில் பத்து மில்லிக்கு ஒரு மில்லி சோடா சேர்த்து, வலியைச் சட்டென்று அடக்கிப் பேர் வாங்கிவிட்டார் மயக்க மருந்துப் பெரிய டாக்டர் அம்பலவாணன். இன்று மேஜையில் இருந்தது பியூபிவகெய்ன் என்ற இன்னொரு மரப்பு மருந்து.

"இதுக்கும் அதே ஒரு மில்லிதான்," என்றார், சுற்றி நின்ற மாணவர்களைப் பார்த்து.

"இது வேற மருந்தாச்சே சார்," என்றாள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் மரியபுஷ்பம்.

"இங்க டாக்டர் யாரு சிஸ்டர்? நீங்களா, நானா?"

"நீங்கதான் சார்."

அவளுக்கு ஒரு பழக்கம். மீந்த மருந்தைக் கொட்டுமுன் எதையாவது கலந்து, என்ன ஆகிறதென்று பார்ப்பாள். இப்போது மறுபேச்சில்லாமல் டாக்டர் சொன்ன அளவையே கலந்தாள்.

சிரிஞ்சை விளக்குக்கு நேரே காட்டி, மருந்து தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து டாக்டர் "சரி" என்ற பிறகே ஊசி போடுவது அந்தத் தியேட்டர் வழக்கம். காட்டினாள். உள்ளே மருந்து திரிந்து, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாகக் கலங்கி நின்றது.

"சரின்னு சொல்லுங்க சார்."

மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கட்டிலில் ஊசிக்குக் காத்திருந்த கர்ப்பிணி வலியில் முனகினாள். டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மரியபுஷ்பம் இன்னொரு சிரிஞ்சை எடுத்துக் காட்டினாள். அதிலும் பியூபிவகெய்ன்தான்; சேர்த்திருந்தது ஒரே ஒரு சொட்டு சோடா. மருந்து பளிங்கு மாதிரி தெளிந்திருந்தது.

"நான் சொன்னது இந்த அளவுதான்," என்றார் டாக்டர்.

"தெரியும் சார். அதான் நீங்க சொல்றதுக்கு முன்னாடியே கலந்து வச்சிட்டேன்."